பால் திரியும் ஊர்

தமிழ் வீடுகளில் காலை ஆறு மணிக்குக் கேட்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு: "பால் திரிஞ்சு போச்சு." அன்றைய காபி போயிற்று, பால்காரருடன் ஒரு வாக்குவாதம் வந்தாயிற்று என்று அர்த்தம். புனேயிலிருந்து வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில், நாசிக் நெடுஞ்சாலையில் இருக்கும் மஞ்சரில் கதை நேர்மாறு. அங்கே டேங்கர் டேங்கராக வந்து இறங்கும் பாலை வேலை மெனக்கெட்டுத் திரிய வைக்கிறார்கள். திரிந்தது சீஸாகிறது. அது நாடு முழுக்க பீட்சாக்களின் மேல் உருகி வழிகிறது.

புனேவாசிகள் விடுமுறைக்கு லோனாவ்லா போவார்கள், மகாபலேஷ்வர் போவார்கள். மஞ்சருக்கென்று யாரும் கிளம்புவதில்லை. பீமாசங்கர் ஜோதிர்லிங்கத்தைத் தரிசிக்கப் போகிறவர்கள் வழியில் டீ குடிக்க வண்டியை நிறுத்துவதோடு சரி. போசரியின் பட்டறைகளையும் சாகணின் கார் ஆலைகளையும் தாண்டி, பகத்சிங்குடன் தூக்குமேடை ஏறிய ராஜகுரு பிறந்த ராஜகுருநகரில் பீமா நதியைக் கடந்ததும் நிலம் மாறத் தொடங்குகிறது. கரும்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு. வயல்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட கொட்டகைகள். கொட்டகைக்குள் சோளத்தட்டையை அசை போட்டபடி கறுப்பு வெள்ளைப் பசுக்கள். இவற்றின் முன்னோர் ஹாலந்துக்காரர்கள்.

இந்தக் காட்சியைப் பார்க்கும்போது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் நினைவுக்கு வந்தால் தவறில்லை. அங்கே கிரீன் கவுண்டி என்று ஒரு மாவட்டம். 1845-ல் சுவிட்சர்லாந்தின் கிளாரஸ் பகுதியில் பிழைக்க வழியில்லாமல் போனவர்கள் கப்பலேறினார்கள். நூற்றுச் சொச்சம் பேர் அந்த ஆகஸ்டில் வந்து சேர்ந்து நியூ கிளாரஸ் என்று ஊருக்குப் பெயர் வைத்தார்கள். முதலில் கோதுமைதான் போட்டார்கள். சில பத்தாண்டுகளில் மண் சத்திழந்தது, பூச்சி விழுந்தது. தாத்தா காலத்துத் தொழில் ஞாபகம் வந்தது. மாடு வாங்கினார்கள். 1868-ல் நிக்கோலஸ் கெர்பர் என்பவர் அங்கே லிம்பர்கர் சீஸ் ஆலை தொடங்கினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ஒரே மாவட்டத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட சீஸ் ஆலைகள் இயங்கின.

லிம்பர்கரின் நாற்றம் உலகப் பிரசித்தம். மாவட்டத் தலைநகரான மன்ரோவில் இன்றும் ஒரு கதை சொல்வார்கள். வீதியில் போகும் சீஸ் வண்டிகளின் வாடை தாங்காமல் ஊர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக் கொண்டு முறையிட்டார்களாம். உள்ளூர்ப் பணக்காரர் ஒருவர் அந்த வண்டிகளையே வரிசையாக ஊர்வலம் விட்டு, "இது நாற்றமல்ல, பணத்தின் வாசனை" என்று புரிய வைத்தாராம். 1914-ல் அங்கே தொடங்கிய சீஸ் திருவிழாவுக்கு இன்றும் கூட்டம் கூடுகிறது. மன்ரோ சதுக்கத்தில் 1931 முதல் இருக்கும் பாம்கார்ட்னர் கடையில் லிம்பர்கரும் வெங்காயமும் வைத்த சாண்ட்விச்சைச் சாப்பிடாமல் எந்தப் பயணியும் திரும்புவதில்லை.

மஞ்சருக்கு எந்த சுவிஸ்காரரும் குடியேறவில்லை. இங்கே குடியேறியவை மாடுகள்தான். அவற்றுக்கு வழி திறந்துவிட்டவர் ஒரு காந்தியவாதி.

1946 மார்ச்சில் காந்தி புனேக்குக் கிழக்கே சோலாப்பூர் சாலையில் உள்ள உருளிகாஞ்சன் கிராமத்துக்கு வந்து இயற்கை மருத்துவ ஆசிரமம் தொடங்கினார். சில நாட்களில் அவர் கிளம்பிவிட்டார். கூட வந்த மணிபாய் தேசாய் என்ற இளைஞர் தங்கிவிட்டார், ஆயுள் முழுக்க. நோயாளிக்குப் பால் வேண்டும், ஏழை விவசாயிக்கு வருமானம் வேண்டும் என்று கோசாலை வைத்தார். குஜராத்தின் கிர் பசுக்களில் தொடங்கியவர், பின்னர் நாட்டுப் பசுவோடு ஜெர்சி, ஹோல்ஸ்டீன் ரகங்களைக் கலக்கும் முடிவுக்கு வந்தார். 1967-ல் அவர் நிறுவிய பைஃப் அமைப்பு, உறைய வைத்த விந்தைக் கிராமங்களுக்குக் கொண்டு போனது. விவசாயி மாட்டை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம், சினை ஊசி போடுபவர் வீட்டு வாசலுக்கே வருவார். இந்த எளிய ஏற்பாடுதான் புரட்சி. மணிபாய்க்கு 1982-ல் மகசேசே விருது கிடைத்தது. அவர் 1993-ல் மறைந்தபோது, அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருந்த பல குடும்பங்களுக்கு மாட்டுத் தொழுவம்தான் மாதச் சம்பளம் என்ற நிலை வந்திருந்தது.

மாடு கூடியது, பால் கூடியது. கூடிய பாலே பிரச்சினையும் ஆயிற்று. 1990களின் தொடக்கத்தில் மகாராஷ்டிரத்தில் 'பால் விடுமுறை' என்றொரு விசித்திரம் நடந்தது. பால் அதிகம் சுரக்கும் பருவத்தில் இன்றைக்குக் கொள்முதல் கிடையாது என்று கூட்டுறவுகள் அறிவித்துவிடும். சங்கத்துக்கு விடுமுறை விடலாம், பசுவின் மடிக்கு யார் விடுமுறை விடுவது? கறந்தே ஆக வேண்டும். கறந்த பாலை என்ன செய்வது? இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் 1992-ல் தேவேந்திர ஷா மஞ்சரில் தொடங்கிய பராக் பால் நிறுவனம். வேண்டாத பாலை வாங்கிப் பவுடரும் வெண்ணெயும் ஆக்கியது. 1996-ல் டாமினோஸும் பீட்சா ஹட்டும் இந்தியாவில் கடை திறந்த பிறகு, தகர டப்பாவில் மட்டும் சீஸைப் பார்த்திருந்த நடுத்தர வர்க்கம் நூல் நூலாக இழுபடும் மொஸரெல்லாவுக்குப் பழகியது. 2008-ல் மஞ்சரில் பெரிய சீஸ் ஆலை வந்தது. 'கோ' என்ற பெயரில் கடைகளில் கிடைப்பது இங்கே உறைந்த பால்தான்.

சீஸ் தயாரிப்பில் மந்திரம் எதுவும் இல்லை. பாலைச் சூடாக்கிக் கிருமி நீக்கி, இதமான சூட்டில் உறை ஊற்றுகிறார்கள். நம் வீட்டு உறைமோர் போலத்தான், நுண்ணுயிர் ரகம் வேறு. பின் ரென்னெட் சேர்ப்பது. ஐரோப்பாவில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்தது அது. இந்தியாவில் நுண்ணுயிரிலிருந்து எடுத்த சைவ ரென்னெட். பால் கெட்டியானதும் கத்திகளால் துண்டாக்கி, 'வே' எனப்படும் தெளிநீரை வடித்து, உப்பிட்டு அழுத்தினால் கட்டி தயார். செடார் போன்ற ரகங்கள் குளிர் அறையில் மாதக் கணக்கில் பக்குவப்பட வேண்டும். ஏறத்தாழ 10 லிட்டர் பசும்பாலுக்கு 1 கிலோ சீஸ். மிச்சமாகும் தெளிநீர் ஒரு காலத்தில் சாக்கடைக்கோ பன்றிக்கோ போனது. இன்று அதிலிருந்து பிரித்த புரதம், உடற்பயிற்சிக்கூட இளைஞர்கள் வாங்கும் விலை உயர்ந்த பவுடர்.

கிரீன் கவுண்டியையும் மஞ்சரையும் இணைக்கும் உண்மை ஒன்றுதான். பால் சில மணி நேரத்தில் கெடும். ஆகவே அதை விற்கிறவன் அவசரக்காரன், வாங்குகிறவன் சொல்வதே விலை. சீஸ் மாதக் கணக்கில் காத்திருக்கும். ஆகவே அதை விற்கிறவன் பேரம் பேசலாம். காத்திருக்கும் சக்தி யார் கையில் இருக்கிறதோ, லாபமும் அந்தக் கையில்.

வித்தியாசமும் அங்கேதான். விஸ்கான்சினின் அந்தப் பழைய ஆலைகளில் பலவற்றுக்கு அக்கம்பக்கத்து விவசாயிகளே கூட்டுச் சொந்தக்காரர்கள். சீஸ் செய்யத் தெரிந்தவரை அவர்களே அமர்த்திக் கொண்டார்கள். பாலுக்குக் காசு, சீஸிலும் பங்கு. புனே மாவட்டத்திலும் கூட்டுறவு உண்டு. 'காத்ரஜ்' என்ற பெயரில் விற்கும் மாவட்டப் பால் சங்கம் 1960-ல் பிறந்தது. ஆனால் கூட்டுறவோ தனியாரோ, விவசாயியின் கணக்கு கேன் நிறுத்தும் இடத்தில் முடிந்துவிடுகிறது. கொழுப்பு 3.5, இதர சத்து 8.5 என்று இயந்திரம் காட்டினால் இன்ன விலை. குறைந்தால் அதற்கேற்ற வெட்டு. அதன் பிறகு அந்தப் பால் என்னவாயிற்று, எத்தனை ரூபாய்க்குப் போயிற்று என்பது அவர் பாஸ் புத்தகத்தில் வராது.

அதன் விளைவை மகாராஷ்டிரம் அடிக்கடி பார்க்கிறது. உலகச் சந்தையில் பால் பவுடர் விலை விழுந்த 2018-ல், விவசாயிக்குக் கிடைத்தது லிட்டருக்கு ரூ. 20-க்கும் கீழே. அந்த ஜூலையில் ராஜு ஷெட்டியின் சங்கம் டேங்கர்களை மறித்தது, சாலையில் பால் ஓடியது. ரூ. 25 கொடுக்க ஒப்புக்கொண்ட பிறகே போராட்டம் ஓய்ந்தது. 2020-ல் கொரோனா ஊரடங்கில் ஓட்டல்கள் மூடியதும் விலை மறுபடி சரிந்தது. 2024-ல் மாநில அரசு லிட்டருக்கு ரூ. 5, பிறகு ரூ. 7 என்று மானியம் கொடுத்துத் தாங்கிப் பிடிக்க வேண்டி வந்தது. பிண்ணாக்கு விலையோ இறங்கத் தெரியாதது. வெயில் தாங்காத சீமை ரத்தம் ஓடும் பசுவுக்கு விசிறி வேண்டும், தண்ணீர் வேண்டும், டாக்டர் வேண்டும்.

அமெரிக்கப் பக்கத்தைத் தங்கத் தகட்டில் வைத்துக் கும்பிட வேண்டியதில்லை. விஸ்கான்சினில் ஒரு காலத்தில் லட்சத்துக்கும் மேல் இருந்த பால் பண்ணைகள் 2023-ல் 6,000-க்கும் கீழே வந்துவிட்டன. கிரீன் கவுண்டியின் ஆலைகளில் பெரும்பாலானவை மூடியாயிற்று. திருவிழா நிற்கிறது, மாடு வைத்திருந்தவர்கள் குறைந்துவிட்டார்கள்.

இந்தியாவில் நிஜமான சுவிஸ் கைகள் பட்ட இடங்களும் இதையே சொல்கின்றன. டார்ஜிலிங் மலையின் காலிம்போங்கில் சுவிஸ் பாதிரியார் ஒருவர் தொடங்கிய பால் பண்ணையின் சீஸ் கல்கத்தாவரை பேர் போனது. பண்ணை மூடப்பட்டது. ஆனால் கற்றுக்கொண்ட உள்ளூர்க் கைகள் விடவில்லை, காலிம்போங் சீஸ் இன்றும் சிறிய அளவில் வருகிறது. மூணாறு பக்கம் மாட்டுப்பெட்டியில் 1963-ல் தொடங்கிய இந்திய-சுவிஸ் திட்டம் பழுப்பு சுவிஸ் காளைகளைக் கொண்டு வந்தது. திட்டம் முடிந்தது. அதில் உருவான 'சுனந்தினி' பசு கேரள வீடுகளில் நிற்கிறது. நிறுவனங்கள் வரும், போகும். வேலை தெரிந்த கையும் கறக்கிற மாடும் ஊரிலேயே தங்கினால்தான் அது பாரம்பரியம்.

புனேக்கு அந்த ருசி புதிதல்ல. கன்டோன்மென்ட் காலத்திலிருந்தே ரொட்டியும் வெண்ணெயும் பழகிய ஊர். கோரேகாவ் பார்க் அருகே ஒரு பார்ஸி குடும்பத்தின் ஏபிசி ஃபார்ம்ஸ், சீஸ் என்றாலே டப்பா என்றிருந்த நாளிலேயே விதவிதமான ரகங்களைச் செய்தது. அதன் வளாகத்தில் 'சுவிஸ் சீஸ் கார்டன்' என்று ஓர் உணவகமே இருந்தது. மராத்தியர்களும் சளைத்தவர்கள் அல்ல. தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு எடுக்கும் 'சக்கா'வில் சர்க்கரை சேர்த்தால் ஸ்ரீகண்ட். நம் சீம்பால்தான் இங்கே 'கர்வஸ்'. சக்காவுக்கும் ஐரோப்பாவின் மென்சீஸுக்கும் தூரம் அதிகமில்லை.

மஞ்சர் போகிறவர்கள் ஆலை வாசலில் நிற்பதைவிட, விடியற்காலையில் ஏதாவது ஒரு கிராமத்துப் பால் கொள்முதல் நிலையத்தின் முன் நிற்பது நல்லது. மோட்டார் சைக்கிளின் இருபக்கமும் கேன் தொங்க இளைஞர்கள் வருவார்கள். தலையில் முந்தானை போட்ட பெண்கள் ஐந்து லிட்டர் தூக்கோடு வருவார்கள். ஒரு கரண்டி பால் இயந்திரத்துக்குப் போகும், எண் ஒளிரும், சீட்டு கிழியும். அந்தச் சீட்டைப் பார்க்கும் முகங்களில் அன்றைய சந்தை நிலவரம் தெரிந்துவிடும்.

பிறகு அவர்கள் வீடு திரும்பி பாக்ரியும் பிட்லாவும் சாப்பிடுவார்கள். மன்ரோவின் விவசாயி தன் ஊர் சீஸைத் தன் ஊர்க் கடையில் கடித்துப் பார்க்கிறார். மஞ்சரில் தட்டில் சீஸ் அபூர்வம். சீஸ் தின்னாவிட்டால் குறைந்துவிடப் போவது ஒன்றுமில்லை. சீஸில் பங்கு இல்லாததுதான் குறை. அந்தப் பங்கு சீட்டில் ஒரு வரியாக ஏறும் நாளில், சீஸ் திருவிழா கொண்டாட மஞ்சருக்கும் காரணம் கிடைத்துவிடும்.