யோனதாப் என்றொரு சிநேகிதன்

சபை வாலிபர் கூட்டங்களில் 'கெட்ட சகவாசம்' என்றாலே சிகரெட், குடி, சினிமா என்று பட்டியல் போட்டு ஜெபித்து முடித்துவிடுகிறார்கள். 2 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தைத் திறக்கப் பல போதகர்களுக்குக் கூச்சம். அதில் வரும் யோனதாப் தாவீதின் அண்ணன் மகன், பெரிய இடத்துப் பிள்ளை, கெட்டிக்காரன். சிநேகிதனும் தாவீது ராஜாவின் மகனுமான அம்னோன் நாளுக்கு நாள் மெலிவதைக் கவனித்து, என்ன விஷயம் என்று அக்கறையாகக் கேட்கிறான். இதுவரை நல்ல நண்பனின் லட்சணம்தான். மாற்றாந்தாய் மகளான தங்கை தாமார்மேல் ஆசை என்று அம்னோன் சொன்னதும் யோனதாப் திடுக்கிடவில்லை, திட்டவுமில்லை. சீக்காளிபோல் படுத்துக்கொள், அப்பா பார்க்க வந்தால் தாமாரைச் சமைத்துக் கொடுக்க அனுப்பச் சொல் என்று வழிகாட்டுகிறான். அப்படியே வந்த தாமாரை அம்னோன் பலவந்தம் செய்தான்; அவள் வாழ்வு பாழானது. இரண்டு வருஷம் கழித்து தாமாரின் சகோதரன் அப்சலோம் அம்னோனைக் கொன்றபோது, செத்தது அவன் ஒருவன்தான், இது தாமாருக்கு அது நடந்த அன்றைக்கே முடிவான காரியம் என்று ராஜாவிடம் பதறாமல் சொன்னவனும் இதே யோனதாப்! இப்படிப்பட்ட சகவாசம் வேண்டாம் என்றால், இயேசு ஆயக்காரரோடும் பாவிகளோடும் பந்தியிருந்தாரே என்பார்கள். இருந்தார், ஆனால் அவர்களிடம் யோசனை கேட்டு நடக்கவில்லை. நம் ஆசைக்குத் திட்டம் போட்டுத் தருகிறவன் ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வந்தாலும் யோனதாப்தான். போதகர்களே, அடுத்த வாலிபர் கூட்டத்தில் கூச்சப்படாமல் இந்த அதிகாரத்தை எடுங்கள். நம் வீட்டுப் பெண்பிள்ளைகளும் உட்கார்ந்து கேட்கட்டும்.