பெட்டியின் மேல் அச்சிட்ட எண்

பள்ளி விட்டதும் நீங்கள் இரண்டு மூன்று பேராய்ச் சேர்ந்து பேசிக்கொண்டு போவதைக் கேட்டிருக்கிறேன். "எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் 16 ஜிபி, உங்களுடையதில் எத்தனை?" என்று ஒருவர் கேட்கிறார். பெரிய எண்ணைச் சொன்னவர் வென்றவர்! தோற்றவர் அன்றிரவே புதிய கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்று அப்பாவை நச்சரிக்கத் தொடங்குகிறார். நல்ல கார்டு ஒன்றின் விலை, பல வீடுகளில் ஒரு மாத மளிகைச் செலவையே தாண்டிவிடும். ஆகவே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: ஒரே ஓர் எண்ணை வைத்துக் கம்ப்யூட்டர்களை ஒப்பிடும் இந்த முறையே தவறு.

இந்தத் தவறு பழையது. 1982இல் வெளிவந்த இரண்டு வீட்டுக் கம்ப்யூட்டர்களைப் பாருங்கள். ஒன்று இங்கிலாந்தின் சின்கிளேர் ஸ்பெக்ட்ரம். மற்றொன்று அமெரிக்காவின் கமோடோர் 64. இரண்டிலும் சிறுவர்கள் விளையாடித் தீர்த்தார்கள். ஸ்பெக்ட்ரத்தின் மூளையாகிய இசட்-80 'சிப்' வினாடிக்கு 35 லட்சம் துடிப்புகளில் ஓடியது. கமோடோரின் 6510 'சிப்'புக்கோ சுமார் 10 லட்சம்தான். அப்படியானால் ஸ்பெக்ட்ரம் மூன்றரை மடங்கு வேகம் என்று சொல்லிவிடலாமா?

கூடாது. மிக எளிய கட்டளைக்குக்கூட இசட்-80க்கு 4 துடிப்புகள் வேண்டும். 6510க்கு 2 போதும். அதைவிட முக்கியமானது வேறொன்று. கமோடோரில் படம் காட்டுவதற்கென்றே 'விக்-2' என்னும் தனிச் சிப் இருந்தது. பறக்கும் விமானம், ஓடும் மனிதன் போன்ற 8 உருவங்களை அது தானே திரையில் நகர்த்தும். பின்னணியையும் வழுக்கிக்கொண்டு போகச் செய்யும். ஸ்பெக்ட்ரத்தில் அந்த வசதி இல்லை. படம் நகரவேண்டுமானால், திரைக்குரிய 6,144 பைட்டுகளையும் பாவம், அந்த இசட்-80தான் சுமந்து மாற்றி வைக்கவேண்டும். வண்ணத்திலும் நெருக்கடி. 8க்கு 8 புள்ளி கொண்ட ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டே வண்ணங்கள்! வீரன் மரத்தைக் கடந்தால் மரத்தின் பச்சை அவன்மேல் ஒட்டிக்கொள்ளும். (எனக்கு அது அழகாகவே தோன்றும், அது வேறு விஷயம்.) ஆனால் கோடுகளால் வரையும் முப்பரிமாண விளையாட்டுகளில் கணக்கு வேலைதான் அதிகம். அங்கே ஸ்பெக்ட்ரம் சளைக்கவில்லை. எது சிறந்தது என்பதை, ஆடும் விளையாட்டுதான் தீர்மானித்தது.

படவேலையைத் தனியே பிரித்துக் கொடுக்கும் அந்த யோசனைதான் இன்றைய கிராபிக்ஸ் கார்டில் பேருருவம் எடுத்திருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1920க்கு 1080 புள்ளி கொண்ட திரையில் மொத்தம் 20,73,600 புள்ளிகள். வினாடிக்கு 60 படங்கள் என்றால் 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு வண்ணம் கணக்கிடவேண்டும்! ஒரு புள்ளியின் கணக்கு பெரும்பாலும் அடுத்த புள்ளியின் விடைக்காகக் காத்திருப்பதில்லை. அதனால் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான சிறு கணக்கர்களை ஒரே சிப்பில் வைத்து, எல்லோரையும் ஒரே நேரத்தில் வேலை வாங்குகிறார்கள்.

இங்கேயும் எண் ஏமாற்றும். என்விடியா நிறுவனம் 2017இல் ஜிடி 1030 என்ற சிறிய கார்டை வெளியிட்டது. 2018இல் அதே பெயரில் இன்னொரு வகை வந்தது. இரண்டிலும் 2 ஜிபி நினைவகம். கணக்கர்களும் அதே 384 பேர். ஆனால் முதல் கார்டின் நினைவகம் வினாடிக்கு 48 ஜிகாபைட் கொடுக்கும். இரண்டாவதன் நினைவகம் 16.8 மட்டுமே. சமையலறையில் பத்து அடுப்பு எரிந்து என்ன பயன், தண்ணீர் மெல்லிய குழாயில் சொட்டினால்? பல விளையாட்டுகளில் இரண்டாவது வகை வெகுவாகப் பின்தங்கியது. பெயரும் ஜிபியும் பார்த்து வாங்கியவர் என்ன செய்வார்! ஒரே பெயரை இரண்டுக்கும் வைத்தது நியாயமில்லை என்றே நான் சொல்வேன்.

சரி, உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் புதிய கார்டு தேவைதானா? கடைக்காரரைக் கேட்காதீர்கள்; சோதனை செய்து நீங்களே கண்டுபிடியுங்கள். விளையாட்டின் அமைப்புப் பகுதியில் வினாடிக்கு எத்தனை படம் என்பதைக் காட்டச் சொல்லுங்கள். 'விசிங்க்' என்ற கட்டுப்பாடு இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லையேல் எண் ஓரிடத்தில் நின்றுவிடும். ஒரே காட்சியில் நின்றபடி எண்ணைக் குறித்துக்கொண்டு, திரைப்புள்ளிகளை 1920க்கு 1080இலிருந்து 1280க்கு 720ஆகக் குறையுங்கள். புள்ளிகள் பாதிக்கும் கீழே, அதாவது 9,21,600 ஆகிவிடும்.

இப்போது படங்களின் எண்ணிக்கை நன்றாக ஏறினால், திணறிக்கொண்டிருந்தது கார்டு அல்லது கம்ப்யூட்டருக்குள்ளேயே அமைந்த கிராபிக்ஸ் பகுதி. அப்படியானால் இந்த அளவிலேயே சில மாதம் விளையாடிப் பாருங்கள். படம் சற்று மங்கலாயிருக்கும், அவ்வளவுதான். எண் அசையவே இல்லையென்றால் தாமதம் பெரும்பாலும் மூளைச் சிப்பில் இருக்கிறது. எவ்வளவு விலையுயர்ந்த கார்டைக் கொண்டுவந்து செருகினாலும் அந்த எண் அங்கேயேதான் நிற்கும்.