ஓரெழுத்துப் பிழையும் ஒடியும் எலும்பும்

சென்னையின் இராசா அண்ணாமலைபுரம், செட்டிநாட்டரசர் அண்ணாமலையாரின் பெயர் தாங்கிய பகுதி. தமிழ் இசைக்கு ஏற்ற மொழியன்று எனப் பேசப்பட்ட காலத்தில் தமிழிசைக்குத் தோள்கொடுத்து நின்றவர் அவர். 1943இல் தமிழிசைச் சங்கம் தோன்றியது. மேடையிற் பாட்டும் தமிழாயிற்று. அதனால் இசை கெட்டுப்போகவில்லை. அதே பகுதியில், அடையாற்றுக் கழியை மீட்டு 2011இல் திறக்கப்பெற்ற பூங்காவுக்குத் தொல்காப்பியத்தின் பெயரே இடப்பட்டது. இவ்வளவும் இருந்தும், அங்கும் பிறவிடங்களிலும் படித்தவர் எனப்படுவோர் வாயில் இன்று வழங்குவது வேறு பேச்சு: "பாட்டுக்கும் கூத்துக்கும் தமிழ் போதும், உயிரியலுக்கு அது உதவாது." இசைக்கு ஆகாது என்றவர்தம் கால்வழியினர் போலும்!

"டி.என்.ஏ.யையும் ஆர்.என்.ஏ.யையும் தமிழிற் சொல்லிவிட முடியுமா?" என அவர்கள் மருட்டுவர். பெயரைக் காட்டி மருட்டுவோர், அப்பெயர்க்குரிய பொருள் செய்யும் வேலை யாதென எண்ணிப் பாரார். எண்ணிப் பார்ப்பாராயின், உயிரியல் முழுவதிலும் தமிழ்ப் புலவனுக்கு இதனினும் நெருக்கமான பாடம் வேறின்மை விளங்கும். எழுத்தும் சொல்லும் ஏடும் படியெடுப்பும் பிழையும் பற்றிய பாடம் அது.

கண்ணறையின் கருவுக்குள் டி.என்.ஏ. எனும் முதலேடு உள்ளது. அதில் எழுத்து நான்கே: அடினைன், குவானைன், சைட்டோசின், தைமின். அவற்றை அ, கு, சை, தை எனக் குறிக்கலாம். முதலேடு கருவை விட்டு வெளியே வருவதில்லை. பழைய மடங்களிற் சுவடியைப் பேழைக்குள் வைத்து, வேண்டுவோர்க்குப் படியெழுதிக் கொடுத்தாற்போல, வேண்டிய பகுதி மட்டும் ஆர்.என்.ஏ. எனும் படியேடாக எழுதப்பெற்று வெளியே செல்கிறது. படியேட்டில் தைமினுக்கு மாற்றாக உராசில் நிற்கும்; அதனை உ என்க. (யுராசில் என எழுதுவோர் எழுதுக. யகரம் ஆகாரத்தோடன்றி மொழிமுதலில் வாராது என்பது தொல்காப்பியர் கொள்கை.)

வெளியே இரைபோசோம் எனும் நுண்பட்டறை அப்படியேட்டை மும்மூன்று எழுத்தாகப் படிக்கிறது. மூவெழுத்துச் சொற்கள் 64 அமையும். அவற்றுள் 61 சொற்கள் 20 வகை அமினோக் காடிகளைக் குறிக்கும்; எஞ்சிய 3 சொற்கள் 'நிறுத்துக' எனப் பொருள்படும். சொல்லுக்குரிய காடியைச் சுமந்துவர வேறொரு சிறு ஆர்.என்.ஏ. உண்டு. சொல்வரிசைப்படி காடிகள் கோக்கப்படப் புரதம் மாலைபோல் நீள்கிறது. இம்மூவெழுத்து அகராதியைத் துலக்கிய ஆய்வுக்காக 1968இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் ஒருவர், பஞ்சாபுச் சிற்றூரொன்றிற் பிறந்த அரகோவிந்த் கொரானா. இரைபோசோமின் உருவைத் துலக்கி 2009இல் அப்பரிசைப் பகிர்ந்துகொண்ட வெங்கட்ராமன் இராமகிருட்டிணன் பிறந்ததோ சிதம்பரத்தில். அண்ணாமலையார் பல்கலைக்கழகம் கண்ட ஊரில்.

இனி, இராசா அண்ணாமலைபுரத்திலிருந்து அடையாற்றைக் கடந்து கிண்டிப் பக்கம் செல்வோர் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்குக் கட்டுறுதி தருவது கொலாசன் எனும் நார்ப்புரதம். உடற்புரதத்தில் ஏறத்தாழ நான்கிலொன்று முதல் மூன்றிலொன்று வரை அதுவே. 1952இல், இலக்குமணசாமி முதலியார் துணைவேந்தராயிருந்த சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு, முப்பது அகவையளவில் இயற்பியல் துறைத்தலைவராக வந்தார் கோ. நா. இராமச்சந்திரன். கொலாசனின் உரு இன்னும் தெளிவுபடவில்லை என்று அறிஞர் பெர்னால் சொல்லக் கேட்டு அதனை மேற்கொண்டார். அருகிலிருந்த நடுவண் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திற் கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. அதனை ஊடுகதிரிற் படமெடுத்து, மூன்றிழைகள் கயிறுபோல் முறுக்கிய வடிவே கொலாசன் என, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். அதன் கட்டமைப்பில் அணுக்கள் சிலவிடங்களில் அளவுமீறி நெருங்கி நிற்கின்றன எனக் கிரிக்கும் இரிச்சும் குறை கூறினர். அக்குறையே வித்தாயிற்று. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என அளந்து கண்டதன் விளைவாக, சி. இராமகிருட்டிணன் (இவர் வேறொருவர்), வி. சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்ட வரைபடத்தில் வைத்தே இன்றும் உலகோர் புரத உருக்களைச் சரிபார்க்கின்றனர்.

மூன்றிழை முறுக்கின் நடுவிடம் மிக ஒடுங்கியது. அங்கே பொருந்துவது காடிகளுள் மிகச் சிறியதாகிய கிளைசின் ஒன்றே. ஆதலின் ஒவ்வோர் இழையிலும் மூன்றாமிடந்தோறும் கிளைசின் வரவேண்டும். முதல்வகைக் கொலாசனின் முறுக்குப் பகுதியில் இழையொன்றுக்கு 1,014 காடிகள். அவற்றுள் 338 இடங்கள் கிளைசினுக்கு. கிளைசினைக் குறிக்கும் சொற்கள் குகுஉ, குகுசை, குகுஅ, குகுகு என நான்கு. நான்கும் 'குகு' எனவே தொடங்குவன. அஃதாவது படியேட்டில் மூன்றாஞ்சீர்தோறும் 'குகு' எனும் ஓசை 338 முறை தவறாது ஒலிக்கவேண்டும். யாப்பறிந்தவர்க்கு இதில் விளங்காதது என்ன?

செய்யுளில் எதுகை தவறினாற் செய்யுள் கெடும். ஈண்டுக் கெடுவது குழந்தையின் எலும்பு. குகுஉ எனும் சொல்லின் முதலெழுத்து மாறி உகுஉ ஆயிற்றென்க. கிளைசின் நிற்கவேண்டிய இடத்திற் சிசுட்டீன் எனும் பெரிய காடி வந்து நிற்கும், முறுக்குப் பிசகும். எலும்பு நொறுங்கும் பிறவிநோய் இவ்வாறு வருவது. 15,000 முதல் 20,000 வரையான பிறப்புகளுள் ஒன்றில் இது காணப்படுகிறது. தூக்கும்போதே எலும்பு முறியும் கொடிய வகையும் உண்டு.

இதில் வியப்பொன்று. தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக ஒவ்வொருவர்க்கும் முதலேடு இரண்டு. அவற்றுள் ஒன்று மட்டும் பிழைபட்டது எனக் கொள்க. முதல்வகைக் கொலாசனின் மூன்றிழைகளுள் இரண்டு ஒரே ஏட்டின்வழி ஆவன. பிழை அவ்வேட்டிலாயின், கெட்ட இழை கலவாத கயிறு நான்கில் ஒன்றே தேறும். அவ்வேடு அறவே இல்லாது போயிருப்பின், கயிறு பாதியளவே உண்டாகும், ஆயினும் உண்டானவை யாவும் நல்லவை, நோயும் மெல்லியது. பிழைபட்ட ஏடு இழந்த ஏட்டினும் கேடு செய்யும் என்பதைச் சுவடி பதிப்பித்தோர் நன்கறிவர்.

இத்தகைய குழந்தையை ஏந்திவரும் தாய் கேட்பது, "நான் என்ன தவறு செய்தேன்?" என்பதே. அவள் சூலுற்றிருந்தபோது உண்டதையும் உண்ணாததையும் மாமியார் எண்ணிச் சொல்வார். அண்டை வீட்டார் அவள் பிறந்த குடியைப் பேசுவர். முறிவு பல கண்டு, பெற்றவரே அடித்தனரோ என ஐயுறுவாரும் உளர். மருத்துவரோ ஆங்கிலத்தில் நான்கு சொல் எழுதிக் கொடுத்து அடுத்தவரை அழைத்துவிடுவார். அவர்க்குத் தமிழ் தெரியாமலில்லை. தாம் கற்றதைத் தமிழிற் சொல்லும் பழக்கம் இல்லை. பள்ளிப் பாடநூலில் படியெடுத்தல், மொழிபெயர்த்தல், தூது ஆர்.என்.ஏ. என நல்ல சொற்கள் உள்ளன. அவற்றைத் தேர்வுக்கு நெட்டுருச் செய்துவிட்டுக் கல்லூரி வாயிலிலேயே உதிர்த்துவிட்டுச் செல்கின்றனர். டி.என்.ஏ. என்னும் பெயர் இன்னும் சிலகாலம் அப்படியே இருப்பினும் இருக்கட்டும்; அதன் தொழிலைத் தமிழிற் சொல்லாமையே பெருங்கேடு.

அத்தாய்க்குச் சொல்லவேண்டியவை சிலவே. அவள் உணவிற் குற்றமில்லை, குடியிற் குற்றமில்லை. கு நிற்கவேண்டிய ஓரிடத்தில் வேறோர் எழுத்து நின்றுவிட்டது. பெற்றோர் இருவரும் நலமாயிருக்க, குழந்தையிடத்திலேயே இப்பிழை புதிதாய்த் தோன்றுவதும் உண்டு. பெற்றோருள் ஒருவர்க்கு இந்நோய் இருப்பின், அடுத்த பிள்ளைக்கு வருதற்கு இரண்டிலொரு வாய்ப்பு. இவற்றைச் சொல்ல ஐந்து நிமையம் ஆகாது.