பச்சைப் பைக்கு ஏன் கூடுதல் காசு?

தோட்டத்தில் இருந்த காலத்தில் நாய்க்கழிவை யாரும் ஒரு பிரச்சினையாகப் பேசியதில்லை. லயத்து நாய் விடிகாலையில் செம்பனை வரிசைக்குள் போய்விட்டு வரும், அத்தோடு முடிந்தது. ஜாசினிலிருந்தும் மெர்லிமாவிலிருந்தும் வந்து ஆயர் குரோ, புக்கிட் பெருவாங் தாமான்களில் வரிசை வீடு வாங்கிய பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. நம் வாசலைத் தாண்டினால் அடுத்த வீட்டு வாசல். அங்கே ஒரு மலாய்க் குடும்பம் இருந்தால், அவர்களுக்கு அது அசுத்தம் மட்டுமல்ல, சமயச் சங்கடமும்கூட. ஆகவே கையில் பையோடு நாயை நடத்திச் செல்லும் இளையோரைப் பார்த்தால் மகிழ்ச்சிதான்.

கேள்வி அந்தப் பையைப் பற்றியது. பச்சை நிறம், ஓர் இலைப் படம், 'மக்கும்' என்ற சொல். சாதாரணப் பையைவிட விலை கூடுதல். அந்தக் கூடுதல் காசு சுற்றுச்சூழலுக்கு என்ன செய்கிறது?

பை எங்கே போகிறது என்று பாருங்கள். மலாக்காவின் வீட்டுக் குப்பை லோரி ஏறி சுங்கை ஊடாங் குப்பை நிலத்துக்குப் போகிறது. அங்கே அதை அமுக்கி, மண் போட்டு மூடுகிறார்கள். அமுங்கிய குப்பைக்குள் காற்று கிடையாது. பெரும்பாலான பைகள் அங்கே மக்காமல் அப்படியே கிடக்கும். சில வகைப் பைகள் மக்கினாலும், காற்றில்லாத இடத்தில் வெளிவருவது மீத்தேன்; பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வல்லது.

இதற்காகத்தான் 2015இல் அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையம், நாய்க்கழிவுப் பை விற்கும் 20 நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. வழக்கமாகக் குப்பையில் போடும் பொருள் ஓராண்டுக்குள் முழுதாக மக்காவிட்டால், வெறுமனே 'மக்கும்' என்று விற்கக்கூடாது என்பது அந்த ஆணையத்தின் வழிகாட்டி. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பலவகைக் கடைப் பைகளை மண்ணில் புதைத்தும் கடலில் போட்டும் பார்த்தார்கள். 2019இல் வெளியான முடிவு: 'மக்கும்' என்ற பை மூன்று ஆண்டுக்குப் பிறகும் சாமான் தூக்கும் வலுவோடு இருந்தது! 'உரமாகும்' வகைப் பை கடலில் மூன்றே மாதத்தில் காணாமல் போனது. மண்ணிலோ 27 மாதம் கழித்தும் கிடந்தது.

'உரமாகும்' என்பது ஏமாற்று வேலையல்ல. அதற்கு ஐரோப்பாவில் தரக்கட்டுப்பாடு உண்டு: ஆறு மாதத்தில் 90 விழுக்காடு சிதைய வேண்டும். ஆனால் அது சுமார் 58 டிகிரி சூட்டில் இயங்கும் உரக்கூடத்தை மனத்தில் வைத்து எழுதிய கணக்கு. நம் குப்பை லோரி அங்கே போவதில்லை. 'ஆக்சோ' என்று போட்டிருந்தால் வாங்கவே வேண்டாம். அது ரசாயனம் கலந்த சாதாரண நெகிழி. மக்காது, பொடியாக உடையும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையில் அதைத் தடை செய்துவிட்டது.

சரி, வீட்டுக் கொல்லையில் குழி தோண்டிப் போடலாமா? கீரைப் பாத்திக்கும் பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடும் இடத்துக்கும் பக்கத்தில் கூடவே கூடாது. நாயின் குடற்புழு முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

எனக்கு உறுத்துவது விலைகூட அல்ல. 'மக்கிவிடும்' என்ற நம்பிக்கையில் பையை முடிச்சுப் போட்டுக் கால்வாய் ஓரத்திலேயே வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கழிவு மட்டும் கிடந்தால் மழை கரைக்கும். பைக்குள் கட்டினால் அதுவும் நடக்காது. ஒரு பெருமழை பெய்தால் பையோடு சேர்ந்து மலாக்கா ஆற்றுக்கும், அங்கிருந்து நீரிணைக்கும் பயணம்.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ரொட்டிப் பை, பசாரில் காய்கறி போட்டுத் தந்த பை போதும். எப்படியும் குப்பைக்குப் போகப்போகிற பை அது. இன்னொரு புதுப் பை தேவைப்படாது. இறுக்கிக் கட்டி, மூடியுள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள். ரொட்டிப் பையானால் ஓட்டை இருக்கிறதா என்று கிளம்புமுன் ஒருமுறை ஊதிப் பார்ப்பது நல்லது.