தாய்மார் உயிரும் தாதியர் பயிற்சியும்

2018-20-ஆம் ஆண்டுகளின் சர்க்கார் கணக்குப்படி, லக்ஷம் குழந்தைகள் உயிருடன் பிறக்க, இந்தியாவில் 97 தாய்மாரும் தமிழ்நாட்டில் 54 தாய்மாரும் மாண்டனர். இதைக் காட்டி நம்மவர் தோள் தட்டிக்கொள்கின்றனர். அதே கணக்கில் கேரளத்தின் எண் 19 என்பதை மட்டும் ஏனோ அவர்கள் வாசிப்பதில்லை.

நம் மாகாணத்தில் நூறு பிரசவங்களில் 99-க்கு மேல் வைத்தியசாலைகளிலேயே நிகழ்கின்றன. ஆதலின் தாய் ஆஸ்பத்திரிக்கு வரவில்லையென்ற பழைய சமாதானம் இனிச் செல்லாது. வந்தவள் ஏன் இறந்தாள் என்பதே கேள்வி.

பிரசவித்தபின் உதிரம் பெருகினால் இரண்டு மணி நேரத்திற்குள் உயிர் போய்விடக்கூடும். மூச்சு விடாத சிசுவுக்கோ முதல் நிமிஷமே பிரதானம். மண்ணிவாக்கத்திலோ படப்பையிலோ இவ்வாபத்து நேர்ந்தால், குரோம்பேட்டைக்கோ செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ கொண்டுபோக வேண்டும். 2008 முதல் ஓடிவரும் 108 வண்டி நற்பணி செய்கிறது, மெய்தான். ஆனால் அதுவும் நம் ஜி.எஸ்.டி. சாலையில்தானே ஓடவேண்டும்! 2015 டிஸம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் தீவுகளாய்க் கிடந்ததை மறந்தோமா? அவ்விடைநேரத்தில் அத்தாய்க்கு வைத்தியரும் தெய்வமும் ஆரம்ப சுகாதார நிலையத்துத் தாதி ஒருவரே.

அவருடைய நிலைமை யாது? ஜனங்கள் பெரிய ஆஸ்பத்திரிகளையே நாடுவதால், அவர் பார்க்கும் பிரசவங்கள் குறைந்துவருகின்றன. ஆபத்தான பிரசவமோ அபூர்வம். பழகாத கை மறந்துபோகும். ஆக்ஸிடோஸின் மருந்தைக் குளிர்பெட்டியில் வைப்பதும், வலிப்புக்கு மக்னீஷியம் ஸல்பேட்டை அளவறிந்து ஏற்றுவதும், சிசுவின் முகத்தில் மூடியைப் பொருத்திப் பையை அழுத்தி மூச்சூட்டுவதும் புஸ்தகத்தால் வருவன அல்ல. நகரத்து மண்டபத்தில் ஒருநாள் வகுப்பு நடத்தி, சோறு போட்டு, சான்றிதழ் கொடுத்தனுப்பினால் கடமை தீர்ந்ததென்று அதிகாரிகள் கருதுகின்றனர். டான்ஸானியா தேசத்தில் ஹைடம் என்னும் கிராம ஆஸ்பத்திரியில் இம்முறையைப் பரீக்ஷித்தார்கள். ஒருநாள் பயிற்சிக்குப்பின் பொம்மையிடம் கை நன்றாக ஓடிற்று. மெய்யான சிசுவிடம் மாறுதல் காணவில்லை. பிறகு பிரசவ அறையிலேயே சில நிமிஷப் பயிற்சியை அடிக்கடி நடத்தினர். முதல் 24 மணி நேரச் சிசு மரணம் குறைந்தது. இதற்கு வேண்டியது ஒரு பொம்மையும் ஒழுங்கும். கோடிகள் வேண்டியதில்லை.

இன்னொன்று. தாய் மரணங்களை விசாரிக்கும் முறையை இந்தியாவிலேயே முந்தி ஏற்றது தமிழ்நாடு என்பது நமக்குப் பெருமை. ஆயினும் சட்டம் படித்தவர் என்ற முறையில் ஒன்று சொல்வோம்: குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டவர் தமக்கு எதிராகச் சாக்ஷி சொல்லமாட்டார். தண்டனைக்கு அஞ்சும் தாதி, உதிரம் எப்போது பெருகத் தொடங்கிற்று என்று மெய் எழுதுவாரா? தொகுப்பூதியத்தில், வேலை நிலைக்குமோ என்ற கவலையுடன் இருப்பவரிடம் அந்தத் தைரியத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று. விசாரணை வேறு, தண்டனை வேறு என்று சர்க்கார் பகிரங்கமாக உத்தரவிடவேண்டும். தாதியர் செங்கற்பட்டுப் பிரசவ வார்டில் முறைவைத்துச் சில வாரங்கள் பணிபுரியவும் ஏற்பாடு வேண்டும்.

தாம்பரம் 2021-இல் மாநகராட்சியாயிற்று. தார்ச்சாலைக்கும் தெருவிளக்குக்கும் மகஜர் எழுதும் நம் ஊழியர்கள், அடுத்த வாரம் தத்தம் சுகாதார நிலையத்துக்குச் சென்று மூன்று கேள்விகள் கேட்கட்டும்: குளிர்பெட்டி வேலை செய்கிறதா? சிசுவுக்கு மூச்சூட்டும் பை கைக்கெட்டும் இடத்தில் உள்ளதா? தாதி அதைக் கடைசியாகப் பழகியது என்றைக்கு? வரும் விடைகளை நமக்கு எழுதியனுப்பினால், இப்பத்தியிலேயே பிரசுரிப்போம்.