சித்தப்பா இல்லாத பிள்ளைகள்

1928ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஆனர்ஸ் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன் கல்கத்தாவுக்குப் போனான். வயது பதினேழு. போய்ச் சேர்ந்த இடம் பௌபஜார் தெருவில் இருந்த ஓர் ஆய்வுக்கூடம். ஒளிச்சிதறலில் ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டு மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. உலகமே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அறைகளுக்குள் பட்டப்படிப்பு முடிக்காத ஒரு மாணவன் விடுமுறையைக் கழித்தான். எஸ். சந்திரசேகர்தான் அந்தப் பையன். சி.வி. ராமன் அவனுக்குச் சித்தப்பா.

அதே ஆண்டின் பிற்பகுதியில் ஜெர்மானிய இயற்பியலாளர் அர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அணு அமைப்பு பற்றி அவர் எழுதிய தடித்த புத்தகத்தைச் சந்திரசேகர் ஏற்கெனவே தானாகப் படித்து முடித்திருந்தார். சொற்பொழிவைக் கேட்டதோடு நிற்காமல் சோமர்ஃபெல்ட் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்ப் பார்த்தார். அந்தப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் பழசாகிவிட்டது, இயற்பியல் இப்போது வேறு திசையில் போய்விட்டது என்று சொன்ன சோமர்ஃபெல்ட், அச்சாகாமல் கையில் வைத்திருந்த தன் கட்டுரையின் மெய்ப்புப் படியை எடுத்துக் கொடுத்தார். அங்கிருந்து பிடித்துக்கொண்டு சந்திரசேகர் எழுதிய கட்டுரை 1929இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. பட்டப்படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம் பாக்கி. 1983இல் நோபல் பரிசு வாங்கிய விண்மீன் ஆராய்ச்சியின் தொடக்கம் இந்த இரண்டு சந்திப்புகளுக்குள் இருக்கிறது.

மேதையை மேதை இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் அந்தச் சித்தப்பாவிடம் போய் நின்றுவிடும். விஞ்ஞானி என்பவர் ஓட்டலில் தங்கியிருக்கும் ஒரு மனிதர், போய்ப் பார்த்தால் பேசுவார் என்று அந்தப் பையனுக்குத் தெரிந்திருந்தது. அது பாடப்புத்தகத்திலிருந்து வந்த அறிவு அல்ல, வீட்டிலிருந்து வந்தது.

அந்தக் கோடையில் கல்கத்தா ஆய்வுக்கூடத்தில் இன்னொருவரும் இருந்தார். கே.எஸ். கிருஷ்ணன், ராமனோடு அந்தக் கண்டுபிடிப்பில் கைகோத்தவர். ஊர் வத்திராயிருப்பு. 1985இல் பிரிப்பதற்கு முன் நம்முடைய ஒன்றுபட்ட ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த ஊர்தான். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். அவருக்குச் சித்தப்பா யாரும் விஞ்ஞானியாக இல்லை. கல்கத்தா போவதற்கு முன் சென்னை கிறித்துவக் கல்லூரியில் வேதியியல் செய்முறைப் பிரிவில் சின்ன வேலையில் இருந்தபோது ஒரு காரியம் செய்தார். மதிய உணவு இடைவேளையில் மாணவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, இயற்பியல், வேதியியல், கணிதம் எதில் வேண்டுமானாலும் கேள்வி கேளுங்கள் என்றார். மற்ற கல்லூரி மாணவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். அரசாணையும் நிதி ஒதுக்கீடும் இல்லாமல் நடந்த மதியச் சோற்று நேரப் பல்கலைக்கழகம் அது.

ராமன் 1934இல் பெங்களூரில் இந்திய அறிவியல் அகாதமியைத் தொடங்கினார். அந்த அகாதமி டெல்லி, அலகாபாத் அறிவியல் அகாதமிகளோடு சேர்ந்து ஒவ்வொரு ஆண்டும் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகை ஒன்று தருகிறது. நாட்டில் எந்தக் கல்லூரியில் அறிவியல் படிக்கும் மாணவரும் விண்ணப்பிக்கலாம். தேர்வானால் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் வேலை. உதவித்தொகையும் உண்டு. கல்லூரி ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. அண்ணன் மகனுக்கு 1928இல் கிடைத்த அதே கோடையை, சித்தப்பா தொடங்கிய அகாதமியே உறவு பார்க்காமல் ஊருக்கெல்லாம் கொடுக்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் எங்கள் ஊரான சிங்கம்புணரியிலிருந்து எத்தனை பேர் போகிறார்கள்? தேங்காய் மட்டை அடித்துக் கயிறு திரிக்கிற ஊர் இது. காலை ஏழரை மணிக்குப் பேருந்து நிலையத்தில் நின்றால் நம் கல்லூரிப் பிள்ளைகளைப் பார்க்கலாம். சிலர் திருப்பத்தூர் ஆறுமுகம் பிள்ளை சீதை அம்மாள் கல்லூரிக்கு, சிலர் பூலாங்குறிச்சி அரசு கலைக் கல்லூரிக்கு, சிலர் திருப்பத்தூரில் வண்டி மாறிக் காரைக்குடிக்கு. பாதிப் பேர் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவர்கள்தான். அவர்களிடம் இந்த உதவித்தொகையைப் பற்றிக் கேட்டால், "அது ஐஐடி பசங்களுக்கு சார்" என்று பதில் வரும். யாரும் அப்படி அவர்களிடம் சொன்னதில்லை. தாங்களாகவே தீர்மானித்துக்கொண்டது.

எங்கள் தெருவில் ஒரு பெண் பி.எஸ்.சி. கணிதம் இரண்டாம் ஆண்டு. அவளுக்கு எம்.டி.டி.எஸ். என்கிற கணிதப் பயிற்சி முகாமைப் பற்றிச் சொன்னேன். 1993இல் பேராசிரியர் எஸ். குமரேசன் தொடங்கியது. கோடையில் நான்கு வாரம். தங்குவதும் சாப்பாடும் அங்கேயே. அங்கே பாடம் நடத்துகிற முறைதான் விசேஷம். ஆசிரியர் பலகையில் எழுத, மாணவர் நோட்டில் இறக்கிக்கொள்கிற வேலையே கிடையாது. ஏன், எப்படி, இந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று ஆசிரியர் கேட்டுக்கொண்டே இருப்பார், மாணவர்கள்தான் தேற்றத்தை நிரூபித்து முடிக்க வேண்டும். பன்னிரண்டு வருடம் பதிலை மட்டுமே மனப்பாடம் செய்து பழகிய பிள்ளைக்கு முதல் வாரம் கண்ணைக் கட்டும். அதற்குப் பிறகு கணிதம் வேறு முகம் காட்டும்.

அவள் ஆர்வத்தோடு கேட்டாள். அவள் அம்மா ஒரே கேள்விதான் கேட்டார். "வெளியூர்ல ஒரு மாசம் இருக்கணுங்கிறீக. அங்க நமக்கு யாருண்ணே இருக்கா?"

விடுதி, காவலர், கூடவே வருகிற மற்றப் பெண்கள் என்று நான் அடுக்கியதில் எதுவும் எடுபடவில்லை. அவர் கேட்டதற்கு அது பதிலும் அல்ல. கடைசியில் அவளுடைய பேராசிரியை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து, காப்பி குடித்து, தன் கைப்பேசி எண்ணைக் கொடுத்து, "நான் பாத்துக்கிறேன்க்கா" என்றார். அம்மா தலையாட்டினார். இந்த வருகையை எந்தத் திட்ட அறிக்கையிலும் போட மாட்டார்கள். ஒரு மகளை வெளியூர் ரயிலில் ஏற்றுவதற்கு இதைவிடப் பெரிய ஏற்பாடு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த தடை பரிந்துரைக் கடிதம். இது கேட்க அற்பமாக இருக்கும். கோடை உதவித்தொகைக்கு மதிப்பெண்ணோடு, என்ன செய்ய விரும்புகிறேன் என்று மாணவர் எழுதும் ஒரு பக்கமும், அவரை அறிந்த ஆசிரியரின் கடிதமும் வேண்டும். அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரனை யாருக்குத் தெரியும்? அரசுக் கல்லூரிகளில் பல பாடங்களைக் கௌரவ விரிவுரையாளர்கள்தான் தாங்கிப் பிடித்திருக்கிறார்கள். தொகுப்பூதியத்தில், அடுத்த வருடம் இங்கேயே இருப்போமா என்பது தெரியாமல் வேலை பார்க்கிற ஒருவரிடம், மாணவனின் எதிர்காலத்தைப் பற்றி உத்தரவாதக் கடிதம் கேட்கிறோம். தன் எதிர்காலத்துக்கே கடிதம் தேடிக்கொண்டிருப்பவர் அவர். இருந்தாலும் எழுதுகிறவர்கள் அவர்கள்தான். நான் பார்த்தவரை கேட்டு மறுத்த ஆசிரியர்கள் குறைவு, கேட்காமல் விட்ட மாணவர்கள்தான் அதிகம். "அவன் நல்ல பையன், ஒழுக்கமானவன்" என்று நான்கு வரி போதாது. எந்தக் கேள்வியைக் கேட்டான், செய்முறையில் எதைப் பிசகாமல் செய்தான் என்று ஒரு சம்பவம் வேண்டும். அப்படி எழுத மாணவர் முதலில் கேள்வி கேட்டிருக்க வேண்டும் என்பது இன்னொரு சிக்கல்.

மும்பையில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் 2004 முதல் நடத்தும் இளநிலை அறிவியல் திட்டமும் இந்தக் கோடை வாய்ப்புகளின் வகைதான். முகாமில் தொடங்கி ஆய்வுத்திட்டம் வரை அழைத்துப்போகிறார்கள். வீட்டிலிருந்தபடி படிக்க என்.பி.டி.இ.எல். இணையப் பாடங்கள் உண்டு. பாடம் இலவசம், தேர்வெழுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம்.

சான்றிதழ் என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2020 ஊரடங்கில் இணையக் கருத்தரங்கு என்ற பெயரில் ஒரு வெள்ளம் வந்தது. பத்துக் கேள்விக்குப் பதில் சொன்னால் வண்ணச் சான்றிதழ். பதில் தப்பானால் திரும்ப எழுதலாம். அந்தக் காலத்தில் நாற்பது, ஐம்பது சான்றிதழ் சேர்த்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். கோப்பு கனத்தது, வேறொன்றும் நடக்கவில்லை. அரசின் 'நான் முதல்வன்' திட்டம் அந்த ரகம் அல்ல. 2022இல் தொடங்கிய அது வேலைக்கான திறனைக் குறிவைக்கிறது, அது தேவை. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் ஆயிரம் ரூபாய் பல வீடுகளில் படிப்பை நிறுத்தாமல் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் ஒரு விஷயம் ஏன் இப்படி இருக்கிறது என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொள்வது வேறு பசி. அதற்கும் நம் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு.

அறிவியல் மாணவர்களைப் பற்றியே பேசுகிறேன் என்று தமிழ், வரலாறு படிப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர்களுக்கு ஆய்வுக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது. பூலாங்குறிச்சியில் பாறையில் பழைய வட்டெழுத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஏறத்தாழ ஐந்தாம் நூற்றாண்டு. களப்பிரர் காலத்தைப் பற்றிப் பேசும் எவரும் சேந்தன் கூற்றன் என்ற மன்னன் பெயர் வரும் இந்தக் கல்வெட்டைத் தாண்டிப் போக முடியாது. அதே ஊரில் அரசு கலைக் கல்லூரியும் இருக்கிறது. பாறைக்கு ஏறிப்போய் மைப்படி எடுக்கக் கற்றுக்கொண்டால், பட்டம் வாங்கும் முன்பே ஒரு கைத்திறன் வந்துவிடும். அகழாய்வு நடந்த கீழடியும் நம் மாவட்டம்தான். சங்கப் பாடல்களை வரிவரியாகப் படிக்க ஐரோப்பாவிலிருந்து மாணவர்கள் புதுச்சேரியில் இருக்கும் பிரெஞ்சுத் தூரகிழக்கு ஆய்வுப் பள்ளிக்குக் கோடைக் கருத்தரங்குக்காக வருகிறார்கள். நம்மூர் பி.ஏ. தமிழ் மாணவருக்கு அது நடப்பதே தெரியாது. கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்த புத்தகங்களைத் தேடி எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். அவர் மறைவுக்குப் பின் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. நல்ல வேளையாகச் சென்னையிலேயே வைத்துக் காப்பாற்றுகிறார்கள்.

காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அழகப்பச் செட்டியாருக்குச் செய்யும் துரோகம். முந்நூறு ஏக்கரும் பதினைந்து லட்சம் ரூபாயும் கொடுத்து அதை இந்த வறண்ட மண்ணுக்கு வரவழைத்தவர் அவர். 1948 ஜூலையில் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1947இல் அங்கே கல்லூரியைத் தொடங்கியவர், அடுத்த வருடமே ஆய்வகத்துக்கும் வழி செய்தார் என்றால் இரண்டையும் ஒன்றோடொன்று பேசவைக்கத்தான் நினைத்திருக்க வேண்டும். அந்த ஆய்வகத்தின் சுருக்கப் பெயரான 'சிக்ரி' நம் பிள்ளைகளில் பலருக்கு வெறும் பேருந்து நிறுத்தத்தின் பெயர். செப்டம்பர் 26, ஆய்வகத்தின் தாய் அமைப்பான அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுவின் நிறுவன நாளையொட்டி வாசலைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். மின்கலம், துருப்பிடிப்பு, பூச்சு என்று ஒவ்வொரு மேசையிலும் ஆய்வாளர்கள் நின்று விளக்குவார்கள். அன்றைக்குப் போகிறவர்கள் பொருளைப் பார்த்துவிட்டு வந்துவிடாமல் ஆளைப் பார்த்துப் பேசிவிட்டு வர வேண்டும். இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று நேரில் கேட்க அதைவிட நல்ல நாள் இல்லை.

கோடை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பரில் வரும். நவம்பரில்தான் நம் கல்லூரிகளில் பருவத் தேர்வு, பல வருடங்களில் அதை ஒட்டியே தீபாவளியும். ஊருக்குப் போன ஆசிரியரைத் தேடிப் பிடிக்க முடியாது, சான்றிதழ் தர அலுவலகத்தில் ஆள் இருக்காது. அதனால் கடிதம் கேட்க வேண்டியது தீபாவளிக்குப் போனஸ் வரும் நாட்களில் அல்ல, புரட்டாசியிலேயே. பத்தாம் வகுப்பிலிருந்து எல்லா மதிப்பெண் பட்டியலையும் வருடி வைத்துக்கொள்ளுங்கள். பெற்றோரைச் சம்மதிக்கவைக்க வீட்டுக்கு வரக்கூடிய ஆசிரியர் யார் என்பதையும் இப்போதே யோசித்துவையுங்கள், அவருக்கும் ஞாயிற்றுக்கிழமைகள் குறைவு.