வென்றவனை விற்ற ஒப்பந்தம்

"கையொப்பம் இட்டாயிற்று, இனி வாய் திறக்க உனக்கு ஏது உரிமை?" வலியவன் எளியவனைப் பார்த்துக் கேட்கும் இக்கேள்வியை நாம் நீதிமன்ற வாயில்களிலே எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். பாட்டுப் போட்டியில் வென்ற ஓர் இளைஞன் இக்கேள்விக்குத் தலைவணங்க மறுத்த வரலாறு ஒன்று அமெரிக்காவில் உண்டு. பாட்டுக் கச்சேரிச் செய்தி நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது பாட்டைப் பற்றிய வழக்கன்று; உழைப்பைப் பற்றிய வழக்கு.

ஜோர்ஜியா மாநிலத்தைச் சேர்ந்தவர் பிலிப் பிலிப்ஸ். குடும்பத்தின் அடகுக் கடையில் வேலை செய்தவர். 2012ஆம் ஆண்டு மே மாதம் 'அமெரிக்கன் ஐடல்' தொலைக்காட்சிப் போட்டியில், சிறுநீரக நோயோடு போராடிக்கொண்டே பாடி முதலிடம் பெற்றார். சத்திர சிகிச்சை போட்டி முடிந்த பின்னரே நடந்தது. அந்த இறுதிச் சுற்றில் 13 கோடியே 20 இலட்சம் வாக்குகள் விழுந்தன என்று நிகழ்ச்சியிலே அறிவித்தார்கள். அவருடைய 'ஹோம்' என்ற பாடல் இலட்சக்கணக்கில் விற்றது. வெளியே நின்று பார்ப்பவர்க்கு இது அதிர்ஷ்டக் கதை.

உள்ளே நடந்ததோ வேறு. அப்போட்டியில் நிலைத்து நிற்க வேண்டுமாயின், முடிவு தெரியுமுன்பே ஒப்பந்தங்களில் ஒப்பமிட வேண்டும். வென்றவரின் இசைத்தட்டை வெளியிடும் உரிமை, அவருடைய தொழிலை நிர்வகிக்கும் உரிமை, பாடல் எழுதினால் அதன் உரிமை, அவர் பெயரும் முகமும் அச்சிட்ட பொருள்களை விற்கும் உரிமை ஆகிய யாவும் '19 என்டர்டெயின்மென்ட்' என்ற ஒரே நிறுவனத்தையும் அதன் கூட்டாளிகளையும் போய்ச் சேரும். 2015 ஜனவரியில் பிலிப்ஸ் கலிபோர்ணியாவின் தொழில் ஆணையாளரிடம் முறைப்பாடு செய்தார். விளம்பர ஒப்பந்தங்களில் நூற்றுக்கு 40 வீதம் வரையில் தரகு பிடிக்கப்பட்டது என்றார். விமான நிறுவனம் ஒன்றின் விழாவிற் கூலியின்றிப் பாட வைக்கப்பட்டதாகச் சொன்னார். தம்முடைய இசைத்தட்டின் பெயரையே ஊருக்கு அறிவிக்கப்பட்ட பின்னர்தான் அறிந்ததாகவும் சொன்னார். நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. அது அதன் உரிமை.

ஆனால் மறுக்க முடியாத ஒன்று உண்டு. அது ஒப்பந்தத்தின் அமைப்பு. காணி விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் ஒருவரே அற்றோணித் தத்துவக்காரராய் இருந்து, விலையையும் அவரே தீர்மானித்து, இரு பக்கமும் தரகையும் அவரே எடுத்துக்கொள்வாராயின், அந்த உறுதியைப் பற்றி நம் ஊர்க் கிழவர்கள் என்ன சொல்வார்கள்? முகவன் தன் எசமானின் நலனுக்கு மாறான நலனைத் தனக்கெனக் கொள்ளலாகாது என்பது முகாமைச் சட்டத்தின் அரிச்சுவடி. பாடகனுக்காக இசைத்தட்டு நிறுவனத்தோடு பேரம் பேச வேண்டியவர் நிர்வாகி. அந்த நிர்வாகியே இசைத்தட்டு நிறுவனமாகவும் இருந்தால் அவர் யாரோடு பேரம் பேசுவார்? கண்ணாடியைப் பார்த்தா? சந்தையிற் 'கழிவு' என்ற பெயரால் தம் மூட்டையிலிருந்து வெட்டப்படும் கிலோக்களை அறிந்த கமக்காரர் இதனை நம்மினும் நன்றாய் உணர்வர்.

"அவன் யார்? அடகுக் கடைப் பையன். அவனை உலகறியச் செய்தது யார்?" என்று நிறுவனத்தின் பக்கம் நின்று கேட்பாருளர். நன்று. அந்த வாக்குகளை நிறுவனமா போட்டது? மக்கள் போட்டார்கள். வாரம் தவறாது அவன் பாடப் பாட, இடையிடையே விளம்பரங்கள் விற்கப்பட்டன. அந்தப் பணத்தை யார் எண்ணினார்கள்? முதலீட்டுக்கு இலாபம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. விதைநெல் கொடுத்தவன் நெல்லைக் கேட்கலாம்; வயலையும் உழுதவனையும் சேர்த்துக் கேட்கலாமா? அடகுக் கடையில் வைத்த நகைக்காவது மீட்கும் வழி உண்டு.

கலிபோர்ணியாச் சட்டத்தின் போக்கும் கவனிக்கத்தக்கது. நடிகை ஒலிவியா டி ஹவிலண்ட் வார்னர் நிறுவனத்துக்கு எதிராக வழக்காடி, ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஒருவரைத் தனிப்பட்ட சேவை ஒப்பந்தத்திற் கட்டிவைக்க முடியாது என்ற தீர்ப்பை 1944இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்திற் பெற்றார். 1987இல் அதே சட்டத்திலே பாடகர்களுக்கு மட்டும் ஓர் ஓட்டை போட்டார்கள்: ஏழாண்டு கழிந்து வெளியேறினாலும், கொடுக்காத இசைத்தட்டுகளுக்காக நட்டஈடு கேட்டு நிறுவனம் வழக்காடலாம். நடிகைக்குத் திறந்த கதவு பாடகனுக்கு அரைக்கதவு! அனுமதிப்பத்திரமின்றி ஒரு கலைஞனுக்கு வேலை தேடிக் கொடுப்பதை அம்மாநிலச் சட்டம் தடுக்கிறது. பிலிப்ஸ் பற்றிக்கொண்ட கொழுகொம்பு இதுவே. ஆயினும் இசைத்தட்டு ஒப்பந்தம் பெற்றுக் கொடுப்பதற்கு அந்தத் தடையிலிருந்து விலக்கு அளித்திருக்கிறார்கள். எங்கே பணம் மிகுதியோ அங்கே விலக்கு.

இன்னொரு வேடிக்கையும் கேளுங்கள். இதே குழுமத்தின் இசைத்தட்டுப் பிரிவு 2014இல் சோனி நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. கெலி கிளார்க்சன், கரி அண்டர்வுட் முதலிய ஐடல் பாடகர்களின் பாடல்களுக்குரிய உரிமைப் பங்கைச் சோனி குறைத்துக் கொடுத்தது என்பது அதன் குற்றச்சாட்டு. தன் கணக்கில் ஒரு சதம் குறைந்தால் நீதிமன்றப் படியேறத் தெரிந்தவர்களுக்கு, தம் பாடகன் கணக்குக் கேட்டபோது மட்டும் அது நன்றிகெட்ட செயலாய்த் தோன்றுமாயின், அந்த நியாயம் நமக்கு விளங்கவில்லை.

பிலிப்ஸ் தொடுத்த பிணக்கு 2017இல் இணக்கமாய்த் தீர்ந்தது. 2018 ஜனவரியில் அவருடைய அடுத்த இசைத்தட்டு வெளிவந்தது. முந்தியது வந்து மூன்றரை ஆண்டுகள் கடந்திருந்தன. ஓர் இளம் பாடகனின் வாழ்வில் அவை திரும்பி வருமா?

2023இல் யாழ்ப்பாணத்துச் சிறுமி ஒருத்தி தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் முதலிடம் பெற்றபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். இன்னும் பல பிள்ளைகள் அவ்வழி செல்வர், செல்லட்டும். எந்த நாட்டுப் போட்டியானாலும், பெற்றோரே, ஒப்பமிடுமுன் பத்திரத்தின் பிரதியை வாங்குங்கள். அந்நிறுவனம் காட்டும் சட்டத்தரணியை விட்டு, நீங்களே தெரிந்தெடுத்த ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். எத்தனை ஆண்டு, எத்தனை வீதம், கணக்கை யார் பார்க்கலாம் என்று எழுத்திற் கேளுங்கள். நேரமில்லை, இன்றே ஒப்பமிடுங்கள் என்று எவராவது அவசரப்படுத்தினால், பேனையை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து வாருங்கள்.